துப்பாக்கிக்குப் பட்டி பார்த்தவன்

சர்ச்சுக்குப் போய்விட்டு வந்தால் ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரருக்கு ஒரே வேலைதான், துப்பாக்கி துடைப்பது. மற்ற வீட்டு ஆண்கள் கறிக்கடை வரிசையில் நின்று எலும்பா சதையா என்று மல்லுக்கட்டுகிற நேரத்தில், இவர் பாயை விரித்து, பழைய பனியனைக் கிழித்து, எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். கறிக்கடைக்கு நான்தான் ஓட வேண்டும். இதற்காக நான் முணுமுணுக்காத ஞாயிறு கிடையாது. அவர் காதில் விழுந்த ஞாயிறும் கிடையாது.

பெயர் ஏசுபாதம். மிலிட்டரியில் இருந்துவிட்டு வந்தவர். இப்போது கேளம்பாக்கத்தில் ஒரு பேங்கில் காவல், ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி. தடி பிடிக்கிற காவல் இல்லை, கன்மேன். ஒற்றைக்குழல் துப்பாக்கியும் லைசென்ஸும் சொந்தமாக வைத்திருக்கிற ஆளுக்குத்தான் செக்யூரிட்டி ஏஜென்சி அந்த இடத்தைக் கொடுக்கும். பகல் வாரத்தில் பேங்குக்கு வருகிற பாதிப் பேர் மேனேஜரைத் தாண்டிப் போய் இவருக்கு வணக்கம் வைப்பார்கள். இவர் தலையை ஓர் அங்குலம் ஆட்டுவார். அதில் அந்த மனுஷனுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் ஜாய்ஸ். கல்பாக்கத்தில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. காலையில் அணுபுரத்தில் வீடு வீடாகப் போய் எடுத்துக்கொண்டு வருவேன். அணுவைப் பிளக்கிற சார்களெல்லாம் என் ஊசியைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நரம்பை நான் கண்ணால் தேட மாட்டேன். கட்டைவிரலை வைத்துத் தடவினால் போதும், எங்கே இருக்கிறது என்று விரல் சொல்லிவிடும்.

இன்னொரு ஆள் என் தம்பி ஜான்சன். திருக்கழுக்குன்றத்தைத் தாண்டி செங்கல்பட்டு ரோட்டில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கிறான். காரில் விழுந்த ஒடுக்கை எடுத்து, மிச்சப் பள்ளத்துக்குப் பட்டி போட்டு, உப்புத்தாளால் தேய்த்து, பெயிண்ட் அடித்துக் கொடுப்பது தொழில். அவன் கையால் வெளியே போன வண்டியில் எங்கே அடிபட்டது என்று அடிபட்டவனுக்கே மறந்துபோகும். என்னிடம் காது கிழியப் பேசுகிறவன், மாமா எதிரில் மட்டும் பெட்டிப்பாம்பாக நிற்பான். அவர் என்றால் அவனுக்கு அவ்வளவு உயிர்.

ஆயுத பூஜை முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை அது. நான் கறிக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். துப்பாக்கி துடைக்கிற நேரத்தில் என்னைக் கூப்பிடவே கூப்பிடாத மனுஷன், "ஜாய்ஸ், இங்க வா" என்றார். குரல் சரியாக இல்லை. அரிவாள்மணையைச் சாய்த்துவிட்டுப் போனேன்.

கட்டையிலிருந்து கழற்றிய குழலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, உள்ளே பார் என்றார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். எவர்சில்வர் டம்ளருக்குள் பார்ப்பதுபோல் உள்ளே பளபளவென்று வளையம் வளையமாக வெளிச்சம். நடுவில் ஓர் இடத்தில் மட்டும் வளையம் உடைந்து, நகத்தளவுக்கு ஒரு கறுப்பு நிழல். அழுக்காக இருக்கும் என்றேன். துணி சுற்றிய கம்பியை விட்டுக் காட்டினார். அந்த இடத்துக்குப் போனதும் கம்பி லேசாக இடித்துக்கொண்டு நின்றது.

"உள்ள மேடு கீது. வெளிய ஒன்னியும் காணோம்" என்றார்.

குழலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளியே கறுப்பாக, வழுவழுவென்று, கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது. வெளியே அடிபடாமல் உள்ளே எப்படி மேடு வரும்? இரும்புக்கே நோய் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். அப்படியே சுட்டால் தோட்டாவிலிருந்து கிளம்புகிற ஈயச் சன்னமெல்லாம் அந்த மேட்டில் மோதும், குழல் வீங்கும், கிழிந்தாலும் கிழியும் என்று சொன்னார். எங்கே கிழியும் என்று அவர் சொல்லவில்லை. கன்னத்தைக் கட்டையில் சாய்த்து, இடது கையைக் குழலுக்கு அடியில் கொடுத்து அவர் குறி பார்க்கிற விதம் எனக்குத் தெரியும்.

வருகிற சனிக்கிழமை ஏஜென்சியின் வருஷாந்திரச் சுடுதல். கன்மேன்களையெல்லாம் ரேஞ்சுக்கு வரவழைத்து, துப்பாக்கியைப் பார்த்து, சுடவைத்துப் பார்ப்பார்கள். துப்பாக்கி தேறாவிட்டால் அன்றோடு கன்மேன் வேலை முடிந்தது, ஏதாவது அடுக்குமாடி வாசலில் கேட் திறக்கிற டியூட்டிக்கு மாற்றிவிடுவார்கள். கேட் திறப்பது கேவலம் என்று நான் சொல்ல மாட்டேன். எங்கப்பா ஆயுசுக்கும் அடுத்தவன் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர், எனக்கு எந்த வேலையும் கேவலம் கிடையாது. ஆனால் இந்த மனுஷனுக்குத் துப்பாக்கிதான் முதுகெலும்பு. அதைப் பிடுங்கிவிட்டால் என்ன ஆவார்?

அவர் கையிலிருந்து குழலை வாங்கினேன். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும், சொல்ல வரவில்லை. அதனால் தடவிக்கொண்டிருந்தேன். இரும்பு சில்லென்று இருந்தது. கட்டைவிரல் நகர்ந்துகொண்டே போய் ஓர் இடத்தில் நின்றுவிட்டது. அங்கே மட்டும் சில்லிப்பு குறைவு. திரும்பவும் மேலே இருந்து தடவினேன். சில்லிப்பு, சில்லிப்பு, ஒரு பொட்டளவு இடத்தில் இல்லை, அப்புறம் மறுபடி சில்லிப்பு. நகத்தை வைத்துக் கீறினேன். கறுப்பு உரிந்து, உள்ளேயிருந்து வெளிர் மஞ்சளாகத் தூள் வந்தது. மோந்து பார்த்தேன். என் தம்பி வீட்டுக்கு வந்தால் அவன் சட்டையில் அடிக்கிற அதே நாற்றம்.

கார் பட்டி! எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது.

ஆயுத பூஜை அன்றைக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். கிறிஸ்தவனாக இருந்தாலும் பட்டறைக்காரனுக்கு ஆயுத பூஜை உண்டு, வேலைக்காரர்கள் விட மாட்டார்கள். சுத்தி, ஸ்பேனர், உளி எல்லாவற்றையும் கழுவி மேஜையில் அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலையோடு அமர்க்களப்படுத்துவார்கள். இவர் இரண்டு ராத்திரி சேர்ந்தாற்போல் டியூட்டி பார்த்துவிட்டு, நேராகப் பட்டறைக்குப் போயிருக்கிறார். துப்பாக்கியும் ஆயுதம்தானே அண்ணே என்று வேலைக்காரர்கள் கெஞ்ச, தோட்டாக்களை இடுப்புப் பையிலேயே வைத்துக்கொண்டு, வெறும் துப்பாக்கியை மேஜையில் வைத்திருக்கிறார். யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு, பெயிண்டுக்கு வந்திருந்த ஒரு பெரிய வண்டியின் பின் சீட்டில் ஐந்து நிமிஷம் என்று சாய்ந்தவர், ஒரு தூக்கம் தூங்கிவிட்டு வீட்டுக்கு வந்தார். வந்தவர் கண்ணில் அப்படி ஒரு தெளிச்சி. நல்லா தூங்கினேன் என்று என்னிடம் வாய்விட்டுச் சொன்னார்.

ஜான்சனுக்குப் போன் போட்டேன். கிளம்பி வா என்றேன். என்ன அக்கா என்றான். வா என்றேன். என் குரலைக் கேட்டதும் அவனுக்குத் தெரிந்துவிட்டது.

வந்தவன் வாசற்படியைத் தாண்டவில்லை. பாயில் கிடந்த குழலில் நான் கீறிய இடத்தைப் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றக்கூடத் தோன்றாமல் நின்றான். பிறகு எல்லாவற்றையும் சொன்னான். பூஜை முடிந்து, வண்டிச் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார்களே, அதற்காக ஒரு வண்டியை முன்னால் எடுத்திருக்கிறான். பம்பர் மேஜைக் காலில் இடித்து, அடுக்கி வைத்திருந்த இரும்பெல்லாம் சரிந்து, இருப்பதிலேயே பெரிய சுத்தி குழலின் மேல் விழுந்திருக்கிறது. மேளமும் ஸ்பீக்கரும் போட்ட சத்தத்தில் மாமா எழவில்லை. இவன் ஒடுக்கு விழுந்த இடத்தில் பட்டி போட்டு, காய்ந்ததும் தேய்த்து, துப்பாக்கிக் கறுப்புக்குத் தோதாக இரண்டு பெயிண்டைக் கலந்து அடித்துவிட்டான். அதன் மேலேயே சந்தனப் பொட்டும் வைத்திருக்கிறான். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

அடப்பாவி என்று ஆரம்பித்தவள், வாயில் வந்ததையெல்லாம் கேட்டுவிட்டேன். நீ மறைத்ததை நம்பி இவர் வருகிற சனிக்கிழமை சுட்டிருந்தால் இந்த வீட்டில் என்ன நடந்திருக்கும், யோசித்தாயா என்று கேட்டேன். இவரோ, இரும்புக்கு நோய் இல்லை, வெறும் ஒடுக்குதான் என்று தெரிந்ததும் முகம் தெளிந்து, மச்சானுக்குத் தண்ணீர் கொண்டு வா என்கிறார் என்னிடம்! இந்த வீட்டில் கோபப்படுகிற வேலை முழுக்க என் தலையில்தான்.

தண்ணீர் குடித்ததும் பயலுக்குத் தைரியம் வந்துவிட்டது. ஒடுக்கு எடுப்பது தன் தொழில், உள்ளே ஓர் இரும்பு ராடை விட்டு வெளியே நாலு தட்டுத் தட்டினால் மத்தியானத்துக்குள் சரியாகிவிடும் என்றான். இவர் குழலை எடுத்து அவன் பக்கம் நீட்டினார். வேண்டாம் என்றால் மச்சான் மனசு புண்படுமே என்று நீட்டுகிறார். தன் முகத்தைவிட அவன் மனசு பெரிதாகிவிட்டது. நான் நடுவில் புகுந்து பிடுங்கிக்கொண்டேன்.

"எத்தினி வண்டிக்கு ஒடுக்கு எடுத்துக்கீறேன், என்மேல நம்பிக்கை இல்லியா அக்கா?" என்றான்.

"வண்டி வெடிக்காதுடா" என்றேன்.

அவன் முகம் செத்துப்போயிற்று. துப்பாக்கியைப் பழுது பார்க்கச் செங்கல்பட்டில் லைசென்ஸ் உள்ள ஆள் இருக்கிறார், நாளைக்கே அவரிடம் போகிறோம், அவரைத் தவிர வேறு யார் சுத்தியும் இதன்மேல் படக் கூடாது என்று சொல்லிவிட்டேன். ஜான்சன் போய்விட்டான். அடுப்பில் கறி கொதிக்கிற வாசனை தெருமுனை வரைக்கும் அடித்தது, சாப்பிடாமல் போய்விட்டான். அக்கா வீட்டில் கறி ஆக்கிய நாளில் அவன் அப்படிப் போனதே கிடையாது. நாங்கள் இரண்டு பேரும் சாப்பிட்டோம், ஆனால் யாரும் இரண்டாம் தடவை போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு, துப்பாக்கிப் பையோடு இரண்டு பேரும் செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறினோம். கொளவாய் ஏரிப் பக்கம் ஒரு சந்தில் திருவேங்கடம் என்பவரின் கடை. துப்பாக்கி பழுது பார்க்க லைசென்ஸ் வைத்திருப்பவர். வாசலில் ஜான்சனின் பைக் நின்றது. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தான். செங்கல்பட்டில் பெயிண்ட் வாங்க வந்தேன் என்றான். பெயிண்ட் கடை ஊருக்கு அந்தக் கோடியில் இருக்கிறது.

திருவேங்கடம் கொஞ்சம் சிடுமூஞ்சி. துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் முதல் வேலையாகக் குழலை மடித்துத் திறந்து பார்த்தார், உள்ளே தோட்டா இல்லை. விரலை விட்டும் பார்த்தார். இவர் ஏற்கெனவே பார்த்ததைச் சொன்னார். நீங்க பார்த்தது உங்களுக்கு, நான் பார்க்கிறது எனக்கு என்றார் அவர். இந்த ஆளை எனக்கு அப்போதே பிடித்துவிட்டது. குழலைக் கழற்றியவர், நான் கீறிய இடத்தைப் பார்த்துவிட்டு, இந்தக் கண்றாவி யார் வேலை என்று கேட்டார்.

இவர் வாயைத் திறப்பதற்குள் ஜான்சன் எழுந்து வந்துவிட்டான். தின்னர் இருக்கிறதா என்று கேட்டு வாங்கி, தானே உட்கார்ந்து தன் பட்டியைத் துடைத்து எடுத்தான். கொஞ்சம் கொஞ்சமாக ஒடுக்கு வெளியே வந்தது. சப்பாத்தி மாவில் கட்டைவிரலை அழுத்தின மாதிரி ஒரு பள்ளம். அவ்வளவு சின்னதுக்கா இத்தனை பாடு என்று எனக்குத் தோன்றியது. துடைத்து முடித்தபோது ஜான்சன் கண்ணில் தண்ணீர் நின்றது. தின்னர் நெடி என்றான்.

திருவேங்கடம் அந்த இடத்தில் மண்ணெண்ணெய் தடவி, கொஞ்ச நேரம் கழித்துச் சுத்தமாகத் துடைத்து, சாக்பீஸ் தூளைத் தூவினார். வெடிப்பு இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து வெள்ளையில் கோடு போடும், அப்படிக் கோடு விழுந்தால் இது பழைய இரும்புக் கடைக்குத்தான் என்றார். நாங்கள் மூன்று பேரும் அந்தத் தூளையே பார்த்துக்கொண்டு நின்றோம். நான் மனசுக்குள் மாதாவைக் கூப்பிட்டேன். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. அப்புறம் ஒரு கருவியால் ஒடுக்கைச் சுற்றித் தகட்டின் கனத்தை அளந்தார். "கனம் கீது, எடுக்கலாம்" என்றார். என் வீட்டுக்காரர் விட்ட மூச்சு எதிர்க்கடை வரைக்கும் கேட்டிருக்கும்.

வேலை செய்கிற விதத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க எங்களை விட்டார். குழலின் உள் அளவுக்குக் கடைந்த ஒரு பித்தளைக் கட்டை, ஒரு முனை லேசாகக் கூம்பியது. அதற்குக் கிரீஸ் தடவி, பின்பக்கமாக உள்ளே விட்டு, கம்பியால் தள்ளித் தள்ளி ஒடுக்குக்கு அடியில் கொண்டுவந்து நிறுத்தினார். பித்தளை இரும்பைவிட மெத்து, உள்ளே கீறல் விழாது என்றார். பிறகு ஒரு குட்டிச் சுத்தியால் ஒடுக்கின் ஓரத்தைச் சுற்றி டிக் டிக்கென்று தட்டினார். எறும்பின் முதுகில் தட்டுகிறாரா என்று கேட்கத் தோன்றியது. கட்டையை எடுத்துவிட்டு, அதைவிடத் துளி பெரிய கட்டையை விட்டு மறுபடியும் தட்டல். அவசரம் என்பதே அந்த மனுஷனுக்குக் கிடையாது. ஜான்சன் பக்கத்தில் போய்க் குந்திக்கொண்டான். நாங்களும் தகட்டுக்குப் பின்னால் தாங்கல் கொடுத்துத்தான் தட்டுவோம் என்றான். திருவேங்கடம், தெரிகிறது, தேய்ச்சிருக்கிற தேய்ப்பு நல்ல கைதான் என்றார். அந்த ஒரு வார்த்தையில் பயல் முகத்தில் பாதி உயிர் வந்தது.

சாயங்காலம் குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து என் வீட்டுக்காரரிடம் கொடுத்தார். இவர் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார். வளையத்துக்குள் வளையம், எங்கேயும் உடையவில்லை. ஆனால் வெளியே, ஒடுக்கு இருந்த இடத்தில், மங்கலாக ஒரு தழும்பு நின்றது. சின்னச் சின்னச் சுத்தித் தடம், கறுப்பு போய் இரும்பு தெரிந்தது.

ஜான்சனுக்கு அது பொறுக்கவில்லை. அவன் பிழைப்பே தடம் தெரியாமல் செய்வதுதானே! கொஞ்சம் தேய்த்து விடுங்கள் சார், இல்லையென்றால் நான் லேசாகக் கறுப்பு ஏற்றித் தருகிறேன் என்று கெஞ்சினான். திருவேங்கடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தேய்ச்சா தகடு மெலியும். மூடி வெச்சா, நாளைக்கி இத்த கையில எடுக்கிறவனுக்கு எங்க பாக்கணும்னு தெரியாது. தெரியட்டும், வுடு" என்றார்.

எண்ணெய் மட்டும் தடவினார். துப்பாக்கியைக் கையில் கொடுக்கவும் இல்லை, இவர் அந்த வாரம் முழுக்க லீவு போட வேண்டியதாயிற்று. சனிக்கிழமை ரேஞ்சுக்குத் தானே கொண்டுவருவதாகவும், யாரும் கையில் பிடிக்காமல் முதலில் சுட்டுப் பார்த்த பிறகுதான் ஒப்படைப்பதாகவும் சொன்னார். அதற்கு ஒரு டயர் வேண்டும் என்றார். டயர் என்றதும் ஜான்சன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

சனிக்கிழமை, செங்கல்பட்டைத் தாண்டிக் குன்றடியில் இருக்கிற அந்த ரேஞ்சுக்கு நானும் போனேன். வர வேண்டாம் என்று இவர் சொன்னார், நான் அதைக் கேட்டுக்கொண்டே செருப்பை மாட்டினேன். ஜான்சன் எங்களுக்கு முன்னால் வந்து, பட்டறையில் இருந்ததிலேயே நல்ல டயரைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்திருந்தான். பொட்டு வைக்கவில்லையா என்று கேட்டேன். முறைத்தான். என்னை முறைக்கிறான் என்றால் ஓரளவு சரியாகிவிட்டான் என்று அர்த்தம்.

ரேஞ்சு ஆட்களிடம் சொல்லிவிட்டு, திருவேங்கடம் துப்பாக்கியை டயரோடு சேர்த்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். வாய் மண்மேட்டைப் பார்த்து இருந்தது. தோட்டா போட்டு, விசையில் நீளமாகக் கயிறு கட்டி, எல்லோரையும் ஒரு சுவருக்குப் பின்னால் வரச் சொன்னார். லைசென்ஸ்காரர் என் வீட்டுக்காரர் என்பதால் கயிறு அவர் கையில். இழுத்தார். காது அடைத்தது, புழுதி பறந்தது. திருவேங்கடம் கொஞ்சம் பொறுத்துப் போய், துப்பாக்கியை மடித்து, குழலைக் கழற்றி, உள்ளே பார்த்து, வெளியே தடவி, அளந்து, மறுபடி மாட்டி, இன்னொரு தோட்டா போட்டார். திரும்பவும் இழுத்தார் இவர். திரும்பவும் அவர் பார்த்தார். ஜான்சன் என் முந்தானையை இறுகப் பிடித்திருந்ததை நான் அப்போதுதான் கவனித்தேன். ஆறடிக்கு வளர்ந்த ஆள்.

"ஒன்னும் நகரல. எடுத்துக்கோங்க" என்று துப்பாக்கியை என் வீட்டுக்காரரிடம் நீட்டினார் திருவேங்கடம்.

அப்புறம்தான் ஏஜென்சியின் சூப்பர்வைசர் சம்பத் வந்தார். வரிசையாக ஒவ்வொரு கன்மேனின் துப்பாக்கியையும் வாங்கி மேலோட்டமாகப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வந்தவர், இவருடையதை வாங்கியதும் நின்றுவிட்டார். எண்ணெய்க்கு அடியில் அந்தத் தழும்பு வெயிலில் நன்றாகவே தெரிந்தது. இது என்ன, போன வருஷம் இல்லையே என்று கேட்டார். பட்டியோடு கொண்டுவந்திருந்தால் இந்த ஆள் ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டார், இப்போது உண்மையாகச் சரிசெய்துகொண்டு வந்து மாட்டிக்கொண்டு நிற்கிறோம் என்று வயிறு எரிந்தது.

என் வீட்டுக்காரர், கை தவறிக் கீழே விழுந்துவிட்டது சார் என்றார். ஆயுசிலேயே அந்த மனுஷன் சொன்ன முதல் பொய் அதுவாகத்தான் இருக்கும், அவ்வளவு மோசமாகச் சொன்னார். சம்பத்தின் புருவம் ஏறியது. துப்பாக்கியைக் கீழே போடுகிற கன்மேனை எந்த ஏஜென்சி வைத்துக்கொள்ளும்?

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற ஜான்சன் அங்கிருந்தே பேசினான். வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவரு போடல சார். என் பட்டறையில, என்னாலதான் ஒடுக்கு வுழுந்துச்சு. பட்டி போட்டு மறைச்சதும் நான்தான். அவருக்கு எதுவும் தெரியாது சார்."

திருவேங்கடமும் முன்னால் வந்து, என்ன செய்தார், எப்படிச் சோதித்தார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, சற்று முன்னால் கட்டிவைத்துச் சுட்டதையும் சொன்னார். சம்பத் குழலுக்குள் நன்றாகப் பார்த்தார். தழும்பைத் தடவிப் பார்த்தார். ஜான்சனை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். அதன் பிறகு துப்பாக்கியை என் வீட்டுக்காரரிடம் கொடுத்து, சுடுங்க பார்க்கலாம் என்றார்.

இவர் போய் நின்றார். கன்னத்தைக் கட்டையில் சாய்த்தார். இடது கை குழலுக்கு அடியில் போயிற்று, சரியாக அந்தத் தழும்புக்குக் கிட்டே. கயிறு கட்டிச் சுட்டாயிற்று, இரண்டு தடவை பார்த்தாயிற்று, ஆனாலும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஊசியைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிற அணுபுரத்துச் சார்களை இனிமேல் கேலி செய்யக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன். வெடி கேட்டது. கண்ணைத் திறந்தபோது அவர் நின்ற இடத்தில் நின்றபடி அடுத்த தோட்டாவைப் போட்டுக்கொண்டிருந்தார். இலக்குத் தாள் நடுவில் சல்லடையாகக் கிடந்தது. சம்பத் தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போனார். அவ்வளவுதான், தேறிவிட்டது. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து, எது முதலில் வெளியே வந்தது என்று தெரியவில்லை.

சுட்டு முடித்ததும் துப்பாக்கியை மடித்து, காலி என்று காட்டிவிட்டு, தோளில் சாத்திக்கொண்டு எங்களிடம் வந்தார். ஜான்சன் டயரை உருட்டிக்கொண்டு நழுவப் பார்த்தான். இவர் அவன் தோளில் கை போட்டு நிறுத்தினார். ஒரு வாரமாகக் கேட்காத கேள்வியை அப்போதுதான் கேட்டார்.

"அன்னிக்கே என்னை எழுப்பி இருக்கலாம் இல்ல மச்சான்?"

ஜான்சன் டயரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"ரெண்டு ராத்திரி முழிச்சிட்டு வந்து, வாயத் தொறந்துகினு கொழந்த மாதிரி தூங்கிகினு இருந்த, மாமா. எழுப்ப மனசு வரல. அப்புறம் சொல்றதுக்கு வாய் வரல."

இவர் தோளில் போட்ட கையை எடுக்கவில்லை. நான் துப்பாக்கியைக் காட்டச் சொல்லி, அவர் தோளிலிருந்தபடியே குழலில் கட்டைவிரலை வைத்துத் தடவிக்கொண்டு போனேன். சுட்ட சூடு இன்னும் இருந்தது. தழும்பு வந்தது, தாண்டிப் போனேன், திரும்பியும் வந்தேன். எல்லா இடத்திலும் ஒரே சூடு.

"நடங்க ரெண்டு பேரும்" என்றேன். "கறி எடுத்துகினு வூட்டுக்குப் போலாம்."